சிக்கிய கம்ப்யூட்டர் முன்னால் வரட்டும்

இராஜபாளையம்
19.6.1996

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லை, பொறுக்கவும் வேண்டாம்.

பெங்களூரில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை எங்கள் கல்லூரித் துறைத் தலைவர் ஞானதுரை சார்தான் காட்டினார். உங்கள் பெயர் இருக்கிறது, உங்கள் பி.எச்.டி. கைடு பெயர் இருக்கிறது. என் பெயர் நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை.

போன கோடை மறந்துவிட்டதா? பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனிகள் ஆறுக்கும் ஒரே கரண்ட் லைன். எல்லாம் ஒரே நேரத்தில் ஓட முடியாது, நேரம் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் தன் ஆர்டர் விவரத்தை எந்த முதலாளியும் அடுத்தவரிடம் சொல்ல மாட்டார். கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்து, அவை தமக்குள் சேதி அனுப்பியே ஒத்துவரும் நேரத்தைத் தேட வைத்தோம். கம்ப்யூட்டர்களுக்கு நாம் வைத்த வரிசையில் முதலில் நின்றது தப்பான நேரத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னால் நின்றவை எல்லா வழியிலும் முட்டித் தோற்ற பிறகுதான் அது அசைந்தது. பகல் முழுக்க ஓடியும் விடை வரவில்லை. வழியில்லாமல் சிக்கியதை முன்னால் கொண்டுவருவோம், மற்றவை அதற்கு இணங்கட்டும் என்று சொன்னவள் நான். "ஏட்டி, இது என்ன வெளையாட்டா? ஓடவே ஓடாது" என்று சிரித்தவர் நீங்கள். டீ ஆறுவதற்குள் விடை வந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசினேன். ஞானதுரை சார் எல்லார் முன்னாலும், "வீட்டுக்காரர் எழுதுனத ஒப்பிக்கியளோ?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அழவில்லை. சாக்பீஸை எடுத்து, உங்கள் கட்டுரையில் உள்ளபடியே மூன்று கம்ப்யூட்டர்களைப் போர்டில் ஓட்டிக் காட்டினேன். ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஒரே வட்டத்தில் சுற்றின, விடையே வரவில்லை. ஒத்துவராது என்று ஒருமுறை கண்டதை அவை நினைவில் வைக்க வேண்டும் என்று போன கோடையில் நான் எழுதியிருந்த பகுதியை விட்டுவிட்டீர்கள். என் பெயரை எடுத்தபோது அதையும் சேர்த்து எடுத்தீர்கள் போல. சார் போர்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

போனில் கேட்டதற்கு, "நீயும் நானும் வேறயா?" என்றீர்கள். வேறில்லை என்றால் என் பெயரை மட்டும் போட்டிருக்கலாமே!

கட்டுரை வந்த பத்திரிகைக்கே திருத்தத்தை என் பெயரில் அனுப்பிவிட்டேன். உங்கள் தவறைச் சொல்லாமல் அதை எழுத வழியில்லை. கைடு கேட்குமுன் நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு ஊருக்கு வாருங்கள். அதுவரை வர வேண்டாம்.

மாமி தினமும் உங்களைக் கேட்கிறார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னை அதிக நாள் பொய் சொல்ல வைக்காதீர்கள். உங்கள் நாவில் உண்மை வர அல்லாஹ்விடம் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.
அப்ரோஸ் பேகம்