மிளகாய்த்தூள் பேணிக்குள் ஒரு பென் டிறைவ்

09.10.2007 செவ்வாய்

பாமன்கடைச் சந்தியில் நல்ல விளைமீன். குழம்பு வைத்தேன், இவர் திரும்பக் கேட்டுச் சாப்பிட்டார். மகள் மயூரதிதான் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிட்டாள். கம்பஸுக்குக் கொடுக்கவேண்டிய ஆய்வறிக்கை மாதக் கடைசிக்குள் முடியவேணுமாம். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் உரம் கலந்த கதை. எழுதுவதெல்லாம் பென் டிறைவில்தான். அதைத் தாலி மாதிரிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறாள். உண்மையான தாலியைப் பற்றிக் கதைத்தால்தான் காது கேட்காது.

ஒரு பிழை கண்டால் போதும், அச்சடித்த தாளை அப்படியே எறிகிறாள். நான் விடுவேனா? குசினித் தட்டுகளில் மல்லி, சீரகம் போட்டுவைக்கிற பேணிகளுக்குக் கீழே விரித்தேன். மிச்சத்தில் வடையை வடியவிட்டேன்.

11.10.2007 வியாழன்

ஐயோ, என்ன வேலை பார்த்துவிட்டேன்.

காலமை மயூரதி குளிக்கப் போனாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பென் டிறைவில் பச்சை லைட் மினுங்கியது. திரை முழுக்க யாழ்ப்பாண வரைபடம், கிணறு இருக்கிற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் சப்பாத்துச் சத்தம். எட்டிப் பார்த்தால் கேற்றடியில் பொலிஸ்காரன்.

சண்டைக் காலத்தில், கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில், யாழ்ப்பாண வரைபடத்தில் சிவப்புப் புள்ளி, அது கிணறு என்று சொன்னால் நம்புவானா? பிடுங்கினேன். மிளகாய்த்தூள் பேணிக்குள் புதைத்தேன். சுவரில் சுவிட்சையும் நிற்பாட்டினேன். கதவைத் திறந்தால் — டெங்கு நுளம்பு பார்க்க வந்தவர்கள்! பொலிஸ்காரன் அவர்களுக்குத் துணை. பூச்சட்டித் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மயூரதி தூளைத் துடைத்துத் திரும்பச் செருகினாள். உள்ளே ஒன்றும் இல்லை. வேறு பிரதியும் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று எல்லாவற்றையும் அதிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"சும்மா பிடுங்கக்கூடாதம்மா. எடுக்கப்போறன் எண்டு அதுக்குச் சொல்லவேணும். அது ஓம் எண்டு சொன்னாப்பிறகுதான் எடுக்கிறது."

"பொலிஸ் வாசல்ல நிக்கேக்க நான் கம்ப்யூட்டரிட்ட லீவு கேக்கிறதோ?" என்றேன். என்ர வாய் சும்மா கிடக்காதே. அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

12.10.2007 வெள்ளி

"போட்டு வாறன்" என்று விடைசொல்லாமல் மயூரதி வெளியே போய்விட்டாள்.

இந்த வீட்டில் ஒருவரும் அப்படிப் போனதில்லை. என்னோடு கோபமென்றால் இவர் தன் செருப்பைப் பார்த்தாவது சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். இந்தக் காலத்தில், இந்தக் கொழும்பில், சொல்லாமல் போகிறதா?

பென் டிறைவைத் திருத்த நுகேகொடைக்குப் போயிருக்கிறாள் என்று இவர் சொன்னார். பின்னேரம் யாரோ பெரிய ஆள் போகிறதென்று வீதியை மூடிவிட்டார்கள். அவளுடைய ஃபோனும் எடுபடவில்லை. கேற்றைத் திறப்பதும் பூட்டுவதுமாக நின்றேன். சரியான பயம். ஆய்வும் மண்ணாங்கட்டியும், பிள்ளை வீட்டை வந்தால் காணும் முருகா —

இருட்டினபிறகு வந்தாள். கட்டிப்பிடிக்கத்தான் நினைத்தேன், "சாப்பிட்டியோ" என்றுதான் வாயில் வந்தது. கடைக்காரர் ஸஹாப்தீன் பென் டிறைவைக் கையில் எடுத்த நேரம் தொடக்கம் தும்மல்தானாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தாள். மற்ற அத்தியாயங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறார். நாலாவது போனது போனதுதான். அதில்தான் கிணறுகளின் கணக்கெல்லாம். சண்டையால் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டமுதல் போய் அள்ளி வந்து சோதித்த தண்ணீர். இனி எங்கே போய் அள்ளுவது?

14.10.2007 ஞாயிறு

தட்டுத் துடைக்கச் சீரகப் பேணியைத் தூக்கினேன். கீழே அவள் எறிந்த தாளில் உரும்பிராய்க் கிணறுகளின் கணக்கு!

இவரைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பேணியாகத் தூக்கினோம். மல்லிக்குக் கீழே சுன்னாகம். உப்புக்குக் கீழே நீர்வேலி, ஓரம் கரைந்தபடி. கோப்பாய்தான் இல்லை. குப்பை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன் — வடைத் தாளில் இருந்தது. எண்ணெய் ஊறி இரண்டு பக்கத்தாலும் வாசிக்கலாம்.

இவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். இன்சூரன்ஸ் கொம்பனியில் டைப் அடித்தே நரைத்த ஆள் நான். மயூரதி பக்கத்தில் இருந்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள். பழைய அச்சுத்தான், அவள் திருத்தவேண்டியதும் இருக்கிறது. ஆனால் கணக்கு முழுக்க வந்துவிட்டது.

"வடையும் சுட்டுத் தாங்கோவனம்மா" என்றாள். உழுந்து ஊறப்போட எழும்பினேன்.

20.10.2007 சனி

பென் டிறைவ் எடுக்கும் முறையைக் காட்டித் தந்தாள். மூலையில் இருக்கிற சின்னப் பச்சை அம்புக்குறியை அமத்திவிட்டு, எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை பொறுக்கவேணும். பொறுமை! ஆரிட்டச் சொல்லுறாள்?

29.10.2007 திங்கள்

ஆய்வறிக்கையைக் கொடுத்துவிட்டாளாம். இப்போதுதான் ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

காலமை நடந்ததை எழுதவேணும். இன்றைக்கும் அவள் குளிக்கத்தான் போயிருந்தாள். முழு ஆய்வும் பென் டிறைவில், திரையில் அதே வரைபடம், ஒழுங்கைக்குள் அதே சப்பாத்துச் சத்தம். இந்தமுறை நுளம்பு பார்க்க இல்லை. ஆமிக்காரர், வீடு வீடாகச் செக்கிங். இவர் அடையாள அட்டைகளைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றார்.

கை பென் டிறைவில் போய்விட்டது. பிடுங்கவில்லை. பச்சை அம்புக்குறியை அமத்தினேன். இப்போது நிறுத்தமுடியாது, பிறகு வா என்கிறது! நாசமாய்ப் போன சாமான். வரைபடம் திறந்து கிடக்கிறது, அதுதான். கதவில் தட்டினார்கள். தட்டட்டும். வரைபடத்தை மூடினேன். திரும்ப அமத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். "ஜெகதா, அதை இழுத்தெடு" என்று இவர் முணுமுணுத்தார். நான் அசையவில்லை. எடுக்கலாம் என்று சொன்னது. எடுத்தேன். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்த் திறந்தேன்.

ஏன் இவ்வளவு நேரம் என்று முன்னுக்கு நின்ற ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். கம்ப்யூட்டரை நிற்பாட்டிவிட்டு வந்தேன் மாத்தயா என்றேன். அடையாள அட்டைகளைப் பார்த்தான், அறைகளை எட்டிப் பார்த்தான், போய்விட்டான்.

மயூரதி ஈரத் தலையோடு ஓடிவந்தாள். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன்.

"சொல்லிப்போட்டோ எடுத்தனீங்கள்?"

"ஓம். அது விட்டாப்பிறகுதான் எடுத்தனான்."

வாங்கிக் கழுத்தில் மாட்டினாள். உடுத்தினாள், பையைத் தூக்கினாள், அவசரத்தில் கேற்றடிவரை போய்விட்டாள். பிறகு திரும்பி வந்து, படியேறி, குசினி வாசலில் நின்றாள்.

"போட்டு வாறன் அம்மா."