சோபாவில் உட்காராத அண்ணி

மார்ச் 3
புது சோபா வந்து ஒரு வாரம். வெளிர் மஞ்சள். அண்ணி, அதாவது கணவரின் அக்கா, இன்னும் அதில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் டிவி பார்க்கிறார். "எனக்கு இதுவே வசதி." வசதியாமே! வயிற்றெரிச்சல். நான் ஆசைப்பட்டு எது வாங்கினாலும் அண்ணிக்கு ஆகாது.

மார்ச் 9
மகள் கத்துகிறாள். "அம்மா, என் நாப்கினை நீ எடுக்கறியா?" எனக்கு நின்று இரண்டு வருஷமாகிறது, எனக்கெதற்கு? யாராவது தோழிக்குத் தூக்கிக் கொடுத்திருப்பாள். கேட்டால் முறைக்கிறாள்.

மார்ச் 10
போர்வை மாற்றப் போனேன். அண்ணியின் தலையணைக்கு அடியில் அதே பாக்கெட்! ஐம்பத்தொன்பது வயதில் இவருக்கெதற்கு? என்னை வெறுப்பேற்றவா? இப்போதெல்லாம் கறுப்பு நைட்டி மட்டும்தான் உடுத்துகிறார். என்னமோ நடக்கிறது.

மார்ச் 11
கேட்டுவிட்டேன். கோபமாகத்தான். "எதுக்கு அண்ணி இந்தத் திருட்டு வேலை?"
தலை நிமிரவில்லை. "மறுபடி வருதுடி. லேசாத்தான், விட்டு விட்டு. உன் சோபா கறையாயிடுமேன்னு..."
சோபாவுக்காகவா! மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்க்கிறேனே, என் கண்ணுக்கு என்ன கேடு?

மார்ச் 13
அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா எடை, சர்க்கரை எல்லாம் விசாரித்தார். "குழந்தை?"
"கல்யாணமே ஆகல. எனக்கெல்லாம் கருப்பை நோய் வருமா?" என்றார் அண்ணி.
"பிள்ளை பெறாதவங்களுக்குக் கொஞ்சம் அதிகமாவே வரலாம். முழுசா நின்னப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரணும்மா."
ஸ்கேனில் கருப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறதாம். கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். எதையோ மறைக்கிறார்.

மார்ச் 20
புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. "கருப்பையை எடுத்துட்டா பெரும்பாலும் போதும்." பெரும்பாலும்னா? அப்போ மீதி? அண்ணி என் கையை விடவேயில்லை. பயமாயிருக்கு.

ஏப்ரல் 6
ஆபரேஷன் முடிந்தது. நர்ஸ் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

மே 2
எங்கும் பரவவில்லை. மேற்கொண்டு மருந்து வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதுமாம். ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தேன்.
கடையிலிருந்து வந்தால், சோபாவில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். ஓரத்தில் டீக்கறை. யார் வேலை என்றால் மகளைக் கைகாட்டுகிறார்.
"நகருங்க அண்ணி."
"போடி, இப்பத்தான் கண்ணசந்தேன்."
பொய். கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு டிவி பார்க்கிறார். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.