தண்ணி இல்லாத சீட்டு

அன்பு மோகனப்பிரியா,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அவள் இருமல் நின்றதா? போனை நீ எடுக்காததால் எழுதுகிறேன்.

புதுச்சத்திரத்தில் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினேனே, அந்த ஆறு மாதத் தடை முடிந்து லைசென்ஸ் வந்துவிட்டது! இன்று ராய்ப்பூர்ப் பக்கம் போர்வெல் லாரியை நானே ஓட்டினேன். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி, ஊதச் சொல்லிக் கருவியை நீட்டினார். போர்க்குழியில் கம்ப்ரசர் ஊதுவதுபோல் ஊதினேன். வந்த சீட்டில் பூஜ்யம்! பக்கத்திலிருந்த டிரில்லர் கந்தவேல் என்னைப் பார்த்து, "தண்ணியே இல்லீங்க மாமா!" என்று கூவினான். இத்தனை வருடத் தொழிலில் தண்ணி இல்லையென்று நாங்கள் குதித்தது இதுதான் முதல்முறை.

கெஞ்சி வாங்கிய அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், உடனே பார்த்துவிடு. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. லாரியை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். எடு சாமி, நீ ஊதச் சொன்னால் போனிலேயே ஊதுகிறேன்.

உன்
குருமூர்த்தி