வாசல் தாண்டிய நாற்காலி

கிளிஞ்சல்மேடு,
20.2.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

போனை எடுக்க மாட்டேன், சொல்ல வேண்டியதை எழுதட்டும் என்று உன் தம்பி செந்தில்குமாரிடம் சொல்லி அனுப்பினாயாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பேனா பிடித்தவனில்லை நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு மத்தியானம் படுத்திருந்தவனைச் சாப்பிட எழுப்பினாய். தோளில் கை பட்டதும் நான் கடலில் இருந்தேன். கண் விழித்தபோது உன் கழுத்து என் கையில் இருந்தது. நம் பிள்ளை தமிழ்மொழி கதவோரம் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அது நானில்லை என்று சொன்னால் பொய். என் கைதான்.

உன் கோபம் நியாயம். ஆனால் தமிழ்மொழி பூவத்தில் உன் அம்மா வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் எத்தனை நாள் பள்ளிக்கூடத்துக்கு அலைவாள்? சீக்கிரம் வந்துவிடு.

உன்
குணசேகரன்

---

பூவம்,
27.2.2025

தமிழ்மொழி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நலம். அம்மாவுக்குத்தான் சர்க்கரை கூடியிருக்கிறது.

நவம்பரில் படகு கவிழ்ந்து, உங்களோடு வந்த கண்ணையன் அண்ணன் போய், நீங்கள் மட்டும் கரை சேர்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாத்திரம் விழுந்தால் எழுந்து ஓடுகிறீர்கள். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வலது கையை மூடியே வைத்திருக்கிறீர்கள். கோயிலுக்குப் போனோம், நாகூர் போய்த் தாயத்துக் கட்டினோம். தலத்தெருவில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் நித்யஸ்ரீ என்ற அம்மாவைப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மட்டும் சட்டைப்பையிலேயே மறந்துவிட்டீர்கள். துவைக்கும்போது எடுத்து வைத்தேன். இதோடு அனுப்பியிருக்கிறேன்.

முதலில் அங்கே போங்கள். என்னைப் பிறகு கூப்பிடலாம்.

வெண்மதி

---

கிளிஞ்சல்மேடு,
19.3.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

நித்யஸ்ரீ அம்மாவிடம் போகிறேன். செவ்வாய்தோறும், மூன்று தடவை ஆயிற்று. மாத்திரை கிடையாது. நடந்ததைச் சொல் என்று துருவுவதும் கிடையாது. முதல் நாள் செருப்பைக் கழற்றி உட்காரச் சொல்லி, “பாதத்துக்குக் கீழ தரை எப்படி இருக்கு, சொல்லுங்க” என்றார்கள். சிமெண்டுத் தரை வேறு எப்படி இருக்கும்? எரிச்சலில் எழுந்து ரோடு வரைக்கும் வந்துவிட்டேன். உன் கடிதம் ஞாபகம் வந்து திரும்பிப் போனேன்.

நேற்று என் மூடிய கையைப் பார்த்து, “அது எதைப் பிடிச்சிருக்கு?” என்று கேட்டார்கள். கண்ணையன் மணிக்கட்டை என்றேன். கவிழ்ந்த படகின் மேல் அவனைப் பிடித்தபடி ஏழு மணி நேரம் கிடந்தேன், வெண்மதி. அலை பிடுங்கியதா, நானே விட்டேனா, இன்றுவரை தெரியவில்லை. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

சுருட்டிய துண்டைக் கையில் கொடுத்து, “நல்லா இறுக்கிப் பிடிங்க. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா விடுங்க. பதறுனா நிறுத்திடலாம்” என்றார்கள். ஒவ்வொரு விரலாக விட்டேன். தோளில் ஆரம்பித்த நடுக்கம் குளிர்ஜுரம் போலக் கால் வரை இறங்கியது. “தடுக்காதீங்க, போகட்டும்” என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பசித்துச் சாப்பிட்டேன்.

“அவங்களுக்கு இஷ்டமிருந்தா ஒருநாள் வரட்டும், கட்டாயமில்ல” என்று உன்னைப் பற்றிச் சொன்னார்கள். வருவாயா?

உன்
குணசேகரன்

---

பூவம்,
9.4.2025

தமிழ்மொழி அப்பாவுக்கு,

நேற்று தலத்தெருவிலிருந்து சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நல்லபடியாகத்தான் கிளம்பி வந்தேன். உங்கள் முகம் தெளிந்திருந்தது. கை விரிந்து மடியில் கிடந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. “எங்க உட்கார்ந்தா உங்களுக்கு மூச்சு சுலபமா இருக்கோ, நாற்காலிய அங்க போட்டுக்குங்க” என்றார் அந்த அம்மா. உங்கள் பக்கத்தில் போட்டேன், நெஞ்சு அடைத்தது. சுவரோரம் இழுத்தேன். பிறகு கதவோரம். கடைசியில் வாசலைத் தாண்டி, செருப்புகள் கிடந்த இடத்தில் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்கே அதிர்ச்சிதான். வரும்போது அப்படி நினைத்து வரவில்லை.

நீங்கள் எழுதியதுபோல் இது கோபமில்லை. கோபமாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுநாளே வந்திருப்பேன். செந்தில் பின்னாலிருந்து “அக்கா” என்று கூப்பிட்டால்கூட என் கை கழுத்துக்குப் போகிறது. உங்களுக்கு அந்தக் கடல் எப்படியோ, எனக்கு நீங்கள் அப்படி ஆகிவிட்டீர்கள். எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

வெண்மதி

---

கிளிஞ்சல்மேடு,
16.4.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாகக் கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் வேறு தொடங்கிவிட்டது, கடலுக்குப் போகவும் வழியில்லை. நான் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். உனக்கும் ஒரு உடம்பு இருக்கிறது என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

வீட்டைவிட்டு நேற்றே கிளம்பிவிட்டேன். என் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டுக் காசியம்மா அத்தையிடம் இருக்கிறது. நீயும் பிள்ளையும் வாருங்கள். அந்தத் தெருப்பக்கம் வர மாட்டேன்.

என் செவ்வாய்க்கிழமை நேரத்தை உனக்குத் தர முடியுமா என்று நித்யஸ்ரீ அம்மாவிடம் கேட்டேன். “அவங்களே வந்து கேக்கட்டும்” என்றார்கள். நான் வெள்ளிக்கிழமைக்கு மாறிக்கொண்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

குணசேகரன்

---

கிளிஞ்சல்மேடு,
12.6.2025

தமிழ்மொழி அப்பாவுக்கு,

நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வந்து மூன்று வாரம் ஆகிறது. காசியம்மா அத்தைதான் கூடமாட இருக்கிறார்கள். உங்கள் துணிகளை மடித்து அலமாரியில் அப்படியே வைத்திருக்கிறேன்.

நித்யஸ்ரீ அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். நாலு செவ்வாய் ஆயிற்று. அங்கே என்ன நடக்கிறது என்று இப்போது எழுத மாட்டேன். முதல் இரண்டு தடவை அழுதேன், போன தடவை அழவில்லை, அவ்வளவுதான்.

“அப்பா ஏன் வர மாட்டேங்குறாங்க?” என்று தமிழ்மொழி தினமும் கேட்கிறாள். நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கெட்டவராக வேண்டாம். தடை முடிந்து கடலுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள்.

இனி ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அவளைப் பார்க்க வாருங்கள். நான் அம்மாவைப் பார்க்கப் பூவம் போய்விடுவேன். அத்தை நம் வீட்டிலேயே இருப்பார்கள். மூன்று பேரும் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் இங்கே படுத்துவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

நான் திரும்ப நாலு மணியாகும். அதற்குள் கிளம்பிவிடுங்கள். என்றைக்காவது நான் சீக்கிரம் வந்துவிட்டால், கிளம்ப வேண்டாம்.

வெண்மதி