குதிரைக்குத் தோள்வரைதான் உயரம்

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை

ஒரு குதிரைப் பண்ணைக்காரர், இனவிருத்திக்கு விடும் தன் ஆண் குதிரையைக் காது நுனிவரை அளந்து உயரம் சொல்கிறார். குதிரையைத் தோள்வரைதான் அளப்பார்கள். எங்கள் பத்திரிகைக் கட்டுரையில் நானே அளந்து சரியான உயரத்தை எழுதினேன். சவாரிக்கும் சரி, குட்டிக்கும் சரி, உயரம் மட்டும் போதாது, காலையும் முதுகையும் பாருங்கள் என்றும் எழுதினேன்.

இன்று ஆசிரியர் கூப்பிட்டார். "அண்ணை, அவர் எங்களுக்கு விளம்பரம் தாறவர். காதும் குதிரையின்ர தானே?"

"காதில சேணம் போட்டு ஏறுவீரோ, தம்பி? இதை நம்பிப் பெட்டைக்குதிரையைக் கொண்டு வாறவனுக்கு என்ன சொல்லுவீர்?"

"அப்ப உங்கட பேரைப் போடமாட்டன்."

"பேரை எடும். உயரத்தில கைவைச்சா நாளைக்கு நான் வரமாட்டன்."

அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். என் பெயர் இல்லை. உயரம் நான் அளந்ததுதான்.