ஆலாக் குஞ்சுகள் பறக்கும் வரை

துறைமுகம்
28.5.1978

அன்பு ஆதிலட்சுமிக்கு,

உன் புருஷன் ராஜவேலு எழுதுகிறேன். சோறு வேளைக்குக் கிடைக்கிறது, உப்புக்காற்றுதான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ ராட்டினம் பக்கம் போகாதே. ஆரணியில் பட்டு நூல் சுற்ற வேறு ஆளா இல்லை?

இங்கே ஒரே பேஜார். மண் லாரிகளுக்கு நான்தானே மேஸ்திரி. கடலில் தோண்டிய சேற்றைத் தெற்கு மணல்திட்டில் கொட்ட உத்தரவு. போய்ப் பார்த்தால் திட்டு பூராவும் ஆலாப் பறவைகளின் முட்டை. கூடுகூட இல்லை ஆதி, வெறும் மணலில் இட்டு வைத்திருக்கின்றன.

இன்ஜினியர் ஐயாவிடம் ஓடினேன். என் தாடியைப் பார்த்து, “என்னய்யா, வேண்டுதலா?” என்றார்.

“இல்லீங்க, வீட்ல மாசமா கீறாங்க. பொறக்கற வரைக்கும் நாங்க முடி வெட்ட மாட்டோம், ஒரு உசுரையும் அழிக்க மாட்டோம். அங்க பறவைங்க அடைகாத்துகினு கீதுங்க.”

சிரித்துவிட்டார். “சரி, அவங்க பெத்துக்கட்டும். அதுவரைக்கும் வடக்கே கொட்டு. குழந்தை பொறந்துச்சுன்னு தெரிஞ்ச மறுநாளே தெற்கே கொட்டணும்.”

உனக்கு ஆடிக் கடைசியில்தானே? அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். நம் பிள்ளை பிறக்கும் முன்பே எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறது பார்!

அன்புடன்,
ராஜவேலு

வேலூர்
25.6.1978

அன்புள்ள மாமாவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் திட்டாதீர்கள். முந்தாநாள் நமக்குப் பெண் பிறந்துவிட்டாள். எட்டாம் மாதமே அவசரம், உங்களைப்போலவே. ஆரணியில் முடியாதென்று வாடகைக் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

ரொம்பச் சின்னது மாமா. பஞ்சில் சுற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூக்கு மட்டும் அப்படியே உங்கள் மூக்கு. அப்பா தந்தி அடிக்கக் கிளம்பினார். தந்தி உங்கள் ஆபீசுக்குத்தானே வரும், இன்ஜினியர் சொன்னது ஞாபகம் வந்து நான்தான் நிறுத்தினேன். எப்படியாவது கிளம்பி வந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
ஆதிலட்சுமி

துறைமுகம்
29.6.1978

ஆதிக்கு,

லாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நீ தந்தியை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. குஞ்சுகள் இப்போதுதான் பொரிந்து மணலில் தத்துகின்றன. நான் லீவு கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். நான் நகர்ந்தால் மாற்று மேஸ்திரி அன்றைக்கே கொட்டிவிடுவான். நம் குழந்தை பெட்டியில் கிடக்கும்போது இத்தனை குஞ்சுகளை மண்ணில் மூட எனக்குக் கை வராது. அவளுக்காகவாவது இதுகள் பிழைக்கட்டும்.

தந்தி வேண்டாம். எதற்கும் வேண்டாம். அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள், உன் அப்பா இருக்கிறார். இதுகளுக்கு என்னை விட்டால் யாருமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணு.

ராஜவேலு

துறைமுகம்
20.7.1978

என் தங்கம் ஆதிக்கு,

நடுவில் போட்ட கடிதத்துக்கும் பதிலில்லை. கோபம் நியாயம்தான். வந்து உன் காலிலேயே விழுகிறேன், போதுமா?

பறந்துவிட்டன ஆதி! காலையில் திட்டின் மேல் ஒரே கூச்சல். கடைசிக் குஞ்சும் எழும்பிவிட்டது. உடனே போய்ச் சவரம் செய்துகொண்டேன். “இன்னா மேஸ்திரி, இன்னா கொழந்த?” என்றார்கள். “பொண்ணு!” என்று கத்தினேன். எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். இன்ஜினியர் ஐயா கை குலுக்கி, நாளை முதல் தெற்கே கொட்டச் சொன்னார். அடுத்த வருஷம் அதுகள் எங்கே போய் முட்டையிடுமோ, தெரியவில்லை. ஆனாலும் இந்த வருஷத்துக் குஞ்சுகள் தப்பிவிட்டன.

தந்தியை ஆபீசில் காட்டினால்தான் லீவு. ஜல்தியாக ஒன்று அடி. பாப்பாவுக்குப் பேர் யோசித்து வைத்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன்.

ராஜவேலு

ஆரணி
23.7.1978

மாமாவுக்கு,

எல்லாக் கடிதமும் வந்தது. தந்தி வேண்டாம் என்று நீங்கள் எழுதியது கைக்கு வந்த அன்று சாயங்காலமே பாப்பா போய்விட்டாள்.

அப்பா கத்தினார். “பெத்த அப்பன் மொகம் பாக்காம எப்படிம்மா எடுக்கறது? ஒரு தந்தி அடிச்சா ஓடியாந்துடுவாரே!”

“எதுக்கும் வேணான்னு எழுதிகீறாருப்பா. அந்தக் குஞ்சுங்களாவது பொழைக்கட்டும்” என்றேன். அப்பாதான் மடியில் வைத்துக் கொண்டுபோனார்.

உங்கள் பேரில் வஞ்சமில்லை. குஞ்சுகள் பறந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், நிஜமாகவே. ஆனால் நீங்கள் இங்கே வர வேண்டாம். யோசித்து வைத்த பேரையும் எழுதிவிடாதீர்கள். தெரிந்தால் கூப்பிடத் தோன்றும்.

ஆதிலட்சுமி