ஆட்சேபம் எதுவும் எழவில்லை

4 மார்ச், திங்கள்

மெயின் தெருவில் கார் நிறுத்தும் கட்டணத்தை மணிக்கு எண்பது சென்டிலிருந்து இரண்டு டாலராக ஏற்றலாம் என்று நான் எழுதிக் கொடுத்த திட்டம் மேலே போய்விட்டது. நகரசபைத் தலைமை அதிகாரி அபெனிசா முதுகில் தட்டினார். “பொதுக்கூட்டம் வச்சு, ஜனங்க என்ன சொல்றாங்கன்னு எழுதிக் குடு விமல். வருவாய்த்துறைத் தலைவர் நாற்காலி உனக்குத்தான்.” நாற்காலியைப் பார்த்தேன். என் அகலத்துக்குச் சரியாக இருந்தது.

ரோஷிலாவிடம் இன்னும் சொல்லவில்லை. என் மனைவியின் ரொட்டிக் கடை அதே தெருவில்தான். இன்ஜினை அணைக்காமல் இறங்கி ஓடிவந்து ஒரு பொட்டலம் வாங்கிப் போகிறவர்களை நம்பி நடக்கிற கடை. எப்போது சொல்வது? நாளை. நாளை என்றால் நாளைதான்.

6 மார்ச்

நான் சொல்வதற்குள் நோட்டீஸ் சொல்லிவிட்டது. எங்கள் ஆபீஸ் ஆள் அவள் கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறான்.

“மெஷின்ல ரெண்டு டாலர் போட்டுட்டா ஒருத்தன் ரொட்டி வாங்க வருவான்? எந்த மடையனோட யோசனை இது?”

“சபையோடது” என்றேன். மடையனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

14 மார்ச், வியாழன்

கூட்டம். தரையில் பாய் விரித்து, பெரிய கிண்ணத்தில் கவா வேர்ப்பொடி கரைத்து, எல்லோருக்கும் ஊற்ற ஏற்பாடு செய்தவன் நான். கெட்டியாகவே கரைக்கச் சொன்னேன். கவா வாங்கிக் குடித்தவர்கள் கொடுத்தவன் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஃபிஜியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

அபெனிசா எழுந்து, “இந்தத் திட்டத்தோட மூளையே நம்ம விமல்தான்!” என்றார். கடைசியில் உட்கார்ந்திருந்தாள் ரோஷிலா. ஐயோ.

“யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்தைப் பெண்களின் தலைவி மக்கெரெத்தா, என்னோடு ஒன்றாம் வகுப்பு படித்தவள், பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவா வழக்கப்படி கிண்ணத்துக்கு மரியாதையாகக் கை தட்டினார்கள். கலைந்தார்கள்.

அறிக்கையில் எழுதினேன்: ‘ஆட்சேபம் எதுவும் எழவில்லை.’ பொய் இல்லையே?

வரும் வழியெல்லாம் ரோஷிலா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

1 ஏப்ரல், திங்கள்

புதுக் கட்டணம் அமல். தெரு காலி. புயல் எச்சரிக்கை விட்ட நாள் மாதிரி. ஊர்க் கார் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், ரக்பி மைதானத்தில். கோஷம் இல்லை, கொடி இல்லை. வெறுமனே யாரும் வரவில்லை.

3 ஏப்ரல்

ராத்திரிக்கு ரொட்டி. காலையில் ரொட்டி. எல்லாம் விற்காத ரொட்டி.

9 ஏப்ரல், செவ்வாய்

ரொட்டிக் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் போன் செய்தார். “மாசக் கடைசியில கடையக் காலி பண்றாங்களாமே, நிஜமா?” என்னைக் கேட்கிறார்! எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

வீட்டில் மாவு டின்னைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இத்தனை வருஷக் கடை, ரோஷிலா. இப்படியா விட்டுட்டுப் போறது?”

“எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்ல.”

கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. டின்னைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

10 ஏப்ரல்

சந்தைக்குப் போனேன். “ஏன் மக்கெரெத்தா, அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

தாலோ கிழங்குக் கட்டை என் கால் விரலை ஒட்டிப் போட்டாள். “உன் கையால கவா வாங்கிக் குடிச்சிட்டு உன்னையே திட்டவா? அதுக்குத்தானே ஊத்தின, திருட்டுப் பயலே!”

பக்கத்துக் கடைப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

“சரி, இப்பச் சொல்லு.”

“இப்பவா? உக்காரு.”

கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தேன். வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு அங்கிருந்து மூட்டை தூக்கித் தோள்பட்டை போனதைச் சொன்னாள். அவள் மூச்சு வாங்கியபோது பக்கத்துக் கடைக்காரி தொடங்கினாள். பிறகு மீன்காரி. மத்தியானம்வரை சந்தையே முறை வைத்து என்னைக் கிழித்தது.

11 ஏப்ரல்

அபெனிசாவிடம் போய், “அந்த அறிக்கை தப்பு சார்” என்றேன். “யாரும் ஒத்துக்கல. எனக்கு அது அப்பவே தெரியும்.”

புதிதாக எழுதியதை வைத்தேன். முதல் கால் மணி நேரம் இலவசம். சந்தை வண்டிகள் சரக்கு இறக்கத் தனி இடம். நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் இரண்டு டாலர்.

நெடுநேரம் படித்தார். “நாற்காலி போச்சு, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.” எவ்வளவு அகலமான நாற்காலி!

சபை கூடுவது இருபத்து நாலாம் தேதி. மாதக் கடைசிக்குள் மனசு மாறுவாளா?

24 ஏப்ரல்

சபை ஒப்புக்கொண்டது. வீட்டில் சொன்னேன். டின் இன்னும் கவிழ்த்தபடியே.

30 ஏப்ரல்

சாவியைக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. கட்டடக்காரருக்குப் போன் செய்யக் கையெடுத்து, வைத்து, எடுத்து, வைத்தேன்.

7 மே, செவ்வாய்

நேற்றிலிருந்து முதல் கால் மணி நேரம் இலவசம்; சாவியையும் அவள் கொடுக்கவில்லை. காலையில் கடைப் பக்கம் போனேன். வாசலில் இன்ஜின் அணைக்காத வண்டிகள். என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

“ஐயா பெரிய மூளை!” உள்ளேயிருந்து ரோஷிலா. “ வாசல மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க. ஒண்ணு உள்ள வந்து மாவு பிசைங்க, இல்ல தள்ளி நில்லுங்க!”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீசுக்குத் தாமதமாகத்தான் போனேன். சட்டைக் கை முழுக்க மாவு.